செவிடன் காதில் ஊதிய சங்கு



தீர், சீதோன் நாட்டெல்லைகளை விட்டுத் தெக்காப்போலி வழியாய் நமது ஆண்டவர் கலிலேயாக் கடலோரம் வந்தபோது, காது கேளாதவனும் நாக்குத் திருந்தாதவனுமான ஒரு மனிதனை ஜனங்கள் அவரிடம் கொண்டுவந்தார்கள் என்று அர்ச். மாற்கு தம் சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தில் எழுதிவைத்திருக்கிறார். இந்தச் சுவிசேஷத்தைப் பூசையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறீர்கள். "எப்பெத்தா" என்ற வார்த்தையும் உங்களுக்குத் தெரியும். திறக்கப்படு என்பது அதன் பொருள். ஞானஸ்நானத்தில் குருவானவர் குழந்தையின் காதையும் வாயையும் தொட்டுச் சொல்லும் செபம் இதிலிருந்து வந்ததே. காது திறந்தது, நாவின் கட்டு அவிழ்ந்தது, ஜனங்கள் அதிசயித்தார்கள் என்று நாம் வேகமாய்க் கதையின் முடிவுக்குப் போய்விடுகிறோம். இன்றைக்கு அப்படி ஓடாமல், அந்த வார்த்தைக்கு முன்னால் ஆண்டவர் செய்தவற்றைச் சற்று நின்று பாருங்கள்.

முதலில் அவனைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப் போனார். கூட்டத்தின் நடுவே நிற்கும் காது கேளாத மனிதனுக்கு என்ன தெரியும்? வாய்கள் அசைவது தெரியும். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதும் தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பது மாத்திரம் தெரியாது. அந்த வேதனையிலிருந்து முதலில் அவனை வெளியே கூட்டிக்கொண்டு போனார். பிறகு தம் விரல்களை அவன் காதுகளில் வைத்தார். உன் குறை இங்கே இருக்கிறதென்று அறிவேன் என்பது போல. உமிழ்ந்து அவன் நாவைத் தொட்டார். இதையும் அறிவேன் என்பது போல. வானத்தை அண்ணாந்து பார்த்தார். உதவி அங்கேயிருந்து வருகிறது. பெருமூச்சு விட்டார், மூச்சின் ஓசை அவனுக்குக் கேட்டிராது, ஆனால் மார்பு ஏறி இறங்குவதைக் கண் பார்த்திருக்கும். இவ்வளவும் ஆனபின்புதான் வாயைத் திறந்து ஒரேயொரு வார்த்தை சொன்னார்.

சர்வ வல்லமையுள்ளவருக்கு இத்தனை செய்கை எதற்கு? நூற்றுவர் தலைவனுடைய ஊழியனை அவன் படுக்கையருகே போகாமலே, தூரத்திலிருந்து ஒரு சொல்லால் குணமாக்கினவர் அல்லவா அவர்? வேதசாஸ்திரிகள் இதற்குப் பல விளக்கம் சொல்வார்கள். எனக்குப் படுவது எளிமையானது. சொல்லை மாத்திரம் சொல்லியிருந்தால் அந்த மனிதனுக்கு அது கேட்டிராது. தனக்கு யார் என்ன செய்யப்போகிறார் என்று அறியாமல் பொம்மையைப் போல நின்றிருப்பான். ஆகையால் ஆண்டவர் அவன் காதைத் திறப்பதற்கு முன்பே, அவனுக்குப் புரிகிற பாஷையில், கையாலும் கண்ணாலும் அவனோடு பேசினார். புதுமை பிற்பாடு வந்தது. சம்பாஷணை முந்தி நடந்தது.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு: செவிடன் காதில் ஊதிய சங்கு. சொன்னதைக் கேளாத பிள்ளையைத் திட்டும்போதெல்லாம் இதைத்தான் எடுக்கிறோம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கேட்காதென்று தெரிந்திருந்தும் அவன் காதில் போய்ச் சங்கை ஊதினவன் யார்? பழியை மட்டும் செவிடன் தலையில் போட்டது என்ன நியாயம்? ஊமை கண்ட கனவு என்று இன்னொன்று சொல்கிறோம். கனவு அவனிடத்தில் முழுசாய் இருக்கிறது. பல வேளை அதைக் கையால் சொல்லியும் இருப்பான். அந்தக் கையை வாசிக்கத் தெரியாதது நம்முடைய குறை. செவிடு, ஊமை என்ற இந்தச் சொற்களையே அவர்கள் விரும்புவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். காது கேளாதோர் என்று சொல்லப் பழகிக்கொள்வது நமக்கு ஒன்றும் பாரமாகாது.

2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நம் இந்திய தேசத்தில் கேட்கும் சக்தி குன்றியவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல். அவர்களில் சிலர் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். ஞானோபதேச வகுப்பில் கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் அமரும் ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். மற்றவர்கள் முழங்காலிடும்போது அவனும் முழங்காலிடுவான், எழுந்தால் எழுவான், கும்பிட்டால் கும்பிடுவான். வெகு அடக்கமான பிள்ளை என்று எல்லோரும் புகழ்வார்கள். புதுநன்மைக்கு வெள்ளை உடுத்து மெழுகுதிரி பிடித்து வருவான். ஆனால் அந்த அப்பத்தில் எழுந்தருளியிருப்பவர் யாரென்று அவனுக்கு யாரேனும் அவன் பாஷையில் சொன்னதுண்டா?

பாவசங்கீர்த்தனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காது கேளாதவர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று திருச்சபைச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த மொழிபெயர்ப்பாளரும் இரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவர். தாயுள்ளத்தோடு செய்த ஏற்பாடுதான். ஆனால் நம் வீடுகளில் அந்த மொழிபெயர்ப்பாளர் யாராயிருப்பார்? பெரும்பாலும் பெற்ற தாய், இல்லாவிட்டால் கூடப்பிறந்த அக்காள். பதினைந்து பதினாறு வயதுப் பெண்பிள்ளை தன் மனதின் பாரத்தைத் தாயின் கண்முன்னே, தாயின் வாய் வழியாகவா இறக்கிவைப்பாள்? காது கேட்கும் நம்மில் ஒருவராவது அப்படிச் செய்வோமா? அவள் பேசாமல் வீடு திரும்புவாள். பக்தி இல்லாதவள் என்று நாம் சொல்வோம்.

பெற்றோர்மேல் குற்றம் சுமத்த இதை எழுதவில்லை. காது கேளாமல் பிறக்கும் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், காது நன்றாய்க் கேட்கும் தாய் தகப்பனுக்கே பிறக்கிறார்கள். அந்தத் தாய் தன் ஆயுளில் ஒரு சைகையும் கற்றவளல்ல. கற்பிப்பாரும் அவளுக்கு இல்லை. சாப்பிடு, தூங்கு, வா, போ என்று நாலைந்து வீட்டுச் சைகைகளைத் தானாய் உண்டாக்கிக்கொள்கிறாள். அதைக்கொண்டு சோறு கேட்கலாம்; பாட்டி ஏன் செத்துப்போனாள், இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்க முடியுமா? ஆகையினால்தான் சைகை மொழியைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமாய் வைக்க வேண்டும் என்கிறோம். காது கேளாத பிள்ளைக்கு மாத்திரமல்ல, அவன் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கும்.

விசுவாசம் கேட்பதால் வருகிறதென்று அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தில் சொன்னதைச் சிலர் எழுத்துக்கு எழுத்தாய் எடுத்துக்கொண்டு, கேளாதவனுக்கு விசுவாசம் எப்படி வரும் என்று மயங்கினது உண்டு. அர்ச். அகுஸ்தீனாரே பிறவியிலேயே காது கேளாமை விசுவாசத்துக்கு இடையூறு என்று ஓரிடத்தில் எழுதினார். அதே அகுஸ்தீனார் காது கேளாதவர்கள் கைச்சாடையால் நன்றாய்ச் சம்பாஷிப்பதை வேறு நூல்களில் எடுத்துக்காட்டியிருக்கிறார். பின்வந்தவர்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டார்கள், இரண்டாவதை மறந்தார்கள். பெரியவர்களை வாசிக்கும்போது பாதியில் புத்தகத்தை மூடுவதால் வரும் வினை இது. லூக்காஸ் சுவிசேஷத்தையாவது ஞாபகம் வைத்திருக்கலாம்: ஸ்நாபக அருளப்பருக்குப் பெயரிடும் நாளில் சக்கரியாஸ் பேச்சற்றிருந்தபோது, சுற்றத்தார் அவரை ஒதுக்கிவிட்டுத் தாங்களே பெயர் முடிவு செய்துவிடாமல், சைகை காட்டி அவர் விருப்பத்தைக் கேட்டார்கள்.

மறவாதவர்களும் இருந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்தில், ஒஞா என்ற ஊரின் ஆசீர்வாதப்பர் மடத்தில் பேத்ரோ போன்சே தெ லெயோன் என்ற சந்நியாசியார், காது கேளாத பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தும் செபமும் கற்பித்தார். ஜெனீவாவின் மேற்றிராணியாராயிருந்த அர்ச். பிரான்சிஸ் சலேசியாரிடம் மார்த்தீன் என்ற காது கேளாத ஏழை ஒருவன் வந்து சேர்ந்தான். அந்த மேற்றிராணியாருக்கு வேலையா இல்லை? பிரசங்கம், நூல்கள், பதிதர்களோடு வாதம், நாடெல்லாம் பிரயாணம். வேறு யாரிடமாவது ஒப்புவித்திருக்கலாம். ஒப்புவிக்கவில்லை. அவனைத் தம் இல்லத்தில் சேர்த்துக்கொண்டு, தாமே கைச்சாடையால் அவனுக்கு ஞானோபதேசம் சொல்லி, அவன் பாவசங்கீர்த்தனத்தைச் சைகையாலேயே கேட்டு, நன்மையும் கொடுத்தார். காது கேளாதோருக்குப் பாதுகாவலராய் அவரைத் திருச்சபை வணங்குவது இதனாலேயே. ஜனவரி 24-ஆம் தேதி அவர் திருநாள் வரும்போது நினைவில் கொள்ளுங்கள்.

அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் பாரீசு நகரில், ஷார்ல் மிஷேல் தெ லெப்பே என்ற குருவானவர் ஒரு வீட்டுக்குப் போனார். அங்கே தையலில் குனிந்திருந்த இரண்டு சகோதரிகளிடம் பேச்சுக் கொடுத்தார். பதில் இல்லை. மரியாதை தெரியாதவர்கள் என்று நினைத்தாராம். தாய் வந்து கண்ணீரோடு விஷயத்தைச் சொன்னாள். வேதத்தை அறியாமலே இந்தப் பெண்கள் சாவார்களே என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. நகரத்துக் காது கேளாதவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட கைப்பேச்சை அவர் அவர்களிடமிருந்தே கற்றார். மாணவனாயிருந்து பிறகு ஆசிரியரானார். அவர் நடத்திய பள்ளி ஏழை பணக்காரர் எல்லோருக்கும் திறந்திருந்தது. அந்தப் பள்ளியில் உருவான காது கேளாத ஆசிரியர் ஒருவர் 1816-ல் கப்பலேறி அமெரிக்கா போனார். 1817-ல் ஹார்ட்போர்டு நகரில் அங்கேயும் பள்ளி உண்டானது.

இதற்கு நேர்மாறானதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய மகாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப் பேச்சு ஒன்றே போதும், சைகை கூடாது என்று தீர்மானித்தது. வந்திருந்த நூற்றறுபத்துச் சொச்சம் பேரில் காது கேளாதவர் ஒரே ஒருவர். தலைமை வகித்தவர் நம்மவர்தான், ஜூலியோ தார்ரா என்ற ஒரு குருவானவர். கெட்ட எண்ணத்தால் செய்ததாக நான் சொல்லவில்லை. பிள்ளைகள் எல்லோரையும் போலப் பேசவேண்டுமென்று ஆசைப்பட்டார்கள். ஆனால் யாருக்காகத் தீர்மானமோ அவர்களைக் கேட்கவில்லை. இதன் பின் பல தேசங்களில் பல தலைமுறைப் பிள்ளைகள் கையை முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டு, கையைத் தூக்கினால் பிரம்படி வாங்கி, பிறர் உதட்டை வெறித்துப் பார்த்தே பள்ளிநாளைக் கழித்தார்கள். 2010-ல் கனடாவின் வான்கூவர் நகரில் அதே மகாநாட்டின் வாரிசுகள் கூடி, அந்தத் தீர்மானத்தைத் தள்ளி வருத்தம் தெரிவித்தார்கள். நூற்று முப்பது ஆண்டு ஆயிற்று.

உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளலாமே என்கிறவர்கள் வீட்டுக் கண்ணாடி முன் நின்று, சத்தமில்லாமல் "பாடு" என்றும் "மாடு" என்றும் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கும். "மனம்" என்பதும் "பணம்" என்பதும் அப்படியே. ஆண்டவருக்கு மனம் வேண்டும் என்று நான் பிரசங்கித்ததைப் பணம் வேண்டும் என்று ஒருவர் கண்டுகொண்டு போனால், அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை!

நம் நாட்டில் காது கேளாதோருக்கான முதல் பள்ளிக்கூடத்தை 1880-களில் பம்பாயில் தொடங்கினவர் அந்நகர் மேற்றிராணியார் லியோ மொய்ரின் ஆண்டகை. தமிழ்நாட்டிலே பாளையங்கோட்டையில் புரோட்டஸ்தாந்து சபையைச் சேர்ந்த புளோரென்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய பள்ளி பெயர்பெற்றது. சென்னை அடையாறில் அர்ச். கபிரியேல் சபைச் சகோதரர்களின் பள்ளி இருக்கிறது. இவையெல்லாம் தனிப் பள்ளிகள். அவற்றின் தொண்டுக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனாலும் அந்தப் பள்ளியை விட்டு வெளியே வரும் பிள்ளை எங்கே போவான்? ரேஷன் கடைக்கும், ஆஸ்பத்திரிக்கும், பஸ் நிலையத்துக்கும், நம் கோயிலுக்குந்தானே வரவேண்டும்? அங்கே அவன் பாஷை தெரிந்தவர் யார்?

அரசாங்கமும் சற்று விழித்திருக்கிறது. 2015-ல் புதுதில்லியில் இந்தியச் சைகை மொழிக்கென்று ஓர் ஆராய்ச்சி பயிற்சி மையம் ஏற்பட்டது. 2018-ல் மூவாயிரம் சொற்களோடு அதன் அகராதி வந்து, 2021-ல் பதினாயிரம் சொற்களாய் வளர்ந்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியில் ஆசிரியர்களைப் பயிற்றவேண்டும் என்கிறது. 2021 ஜூலையில் இந்தியச் சைகை மொழி பள்ளிகளில் ஒரு மொழிப் பாடம் என்ற தகுதியைப் பெற்றது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் அதை மொழிப் பாடமாய்ப் படித்துப் பரீட்சை எழுதலாம். அதாவது கதவு திறந்திருக்கிறது. உள்ளே போகிறவர்தான் அதிகமில்லை.

இது தமிழை அப்படியே கையில் எழுதிக்காட்டும் வித்தையல்ல. தனக்கென்று இலக்கணமுள்ள மொழி. புருவத்தை உயர்த்தினால் அது கேள்வி. முகம் சும்மா இருந்தால் பாதி வாக்கியம் காணாமற்போகும். "என்ன", "எங்கே" என்ற கேள்விச் சொல் கடைசியில் வரும். உன் பெயர் என்ன என்று நாம் கேட்கிற அதே வரிசைதான், ஆகையால் தமிழ்ப் பிள்ளைக்கு அது எளிதாய் வரும். வடக்கத்திப் பிள்ளையும் தெற்கத்திப் பிள்ளையும் சில சொல் வேறுபாட்டோடு இதிலே சேர்ந்து பேசிக்கொள்கிறார்கள். பாஷைக்காக இத்தனை சண்டை போடும் நாம் இதைக் கண்டாவது வெட்கப்படலாம்.

கைப் பேச்சுக்குப் பழகினால் வாய்ப் பேச்சு வராமற்போகும் என்று பயப்படும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. காது கருவியோ, காதுக்குள் பொருத்தும் அறுவைச் சிகிச்சையோ வைத்தியர் சொன்னால் தாமதிக்காமல் செய்யுங்கள். சைகை அதற்குப் பகையல்ல. குழந்தையின் முதல் ஐந்தாண்டுக்குள் ஏதேனும் ஒரு மொழி முழுசாய்க் கிடைக்கவேண்டும். ஒரு மொழி வேரூன்றினால் அதன்மேல் மற்றொன்று ஏறும். ஒன்றுமே கிடைக்காமல் கடந்துபோன ஆண்டுகளை எந்த வைத்தியரும் திருப்பித் தர முடியாது. கருவி பலன் தருமா என்று காத்திருக்கும் காலத்திலும் பிள்ளையின் மனது சாப்பாடு கேட்கிறது.

பிள்ளைகளுக்கு இருக்கிற பாடம் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு தீவின் கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் கரைக்கு அப்பால் மார்த்தாஸ் வின்யார்டு என்ற தீவு. அங்கே வழிவழியாய்ப் பிறவிச் செவிட்டுத்தன்மை வந்துகொண்டிருந்தது. சில்மார்க் என்ற ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏறக்குறைய இருபத்தைந்து பேருக்கு ஒருவர் காது கேளாதவர். அந்த ஊரார் கூடி மகாநாடு ஒன்றும் நடத்தவில்லை. எல்லோரும் சைகை கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். செம்படவர் படகுக்குப் படகு கையால் பேசினார்கள். கடை வியாபாரம், கலியாணப் பேச்சு, ஊர் வம்பு எல்லாம் அதிலே நடந்தது. அந்த வம்சத்தின் கடைசிக் காது கேளாதவர் 1952-ல் இறந்தார். பிற்காலத்தில் ஆராய்ச்சிக்காரர் வந்து ஊர் முதியவர்களை விசாரித்தபோது, இன்னார் செவிடராயிருந்தார் என்பதையே அவர்கள் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்ததாம். அவர்கள் நினைவில் நின்றது அவர் நல்ல செம்படவர் என்பது. பிள்ளைகள் அந்தப் பாஷையைத் தெருவில் விளையாடியே கற்றார்கள். பாரம் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

நமக்கு அப்படி ஒரு தெரு இல்லை. அதனால் பள்ளிக்கூடம் வேண்டியிருக்கிறது. நம் மேற்றிராசனங்களின் பள்ளிகளில் வாரத்துக்கு ஒரு நீதிபோதனை வகுப்பு இருக்கிறது. எளியவர்மேல் இரக்கம் வை என்று கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளை நோட்டில் எழுதச் சொல்கிறோம். அந்த வகுப்பில் மாதத்துக்கு இரண்டையாவது சைகை மொழிக்குக் கொடுத்தால் என்ன? கற்பிக்க ஆள் எங்கே என்பீர்கள். உண்மைதான், ஆட்கள் குறைவு. ஆனால் காது கேளாதவர்களையே இந்த மொழிக்கு ஆசிரியராக்கும் பட்டயப் படிப்பு நடக்கிறது. அப்படிப் படித்த ஒருவரை அழைத்து, உரிய சம்பளம் கொடுத்து, வகுப்பின் முன் நிறுத்துங்கள். இத்தனை நாளும் கடைசிப் பெஞ்சில் உட்காரவைத்தவரை நம் பிள்ளைகள் எழுந்து நின்று வணங்கட்டும்.

1965-ல் உரோமை திருவழிபாட்டில் சைகை மொழிக்கு அனுமதி அளித்தது. 2024 மே மாதத்தில் நம் அண்டையில் திருச்சூரில் காது கேளாத ஒருவர் குருப்பட்டம் பெற்றார். அவருடைய பூசையில் காது கேளாதவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை; நமக்குத்தான் தேவை. அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகும் பெண்பிள்ளை தாயை வெளியே நிறுத்திவிட்டுப் போகலாம்.

கடைசியாய் நம் பங்கின் காரியம். வீட்டில் காது கேளாத பிள்ளையோ பெரியவரோ உள்ளவர்கள், வெட்கத்தாலே மறைக்காமல், வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள். எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் ஆசிரியரை அழைக்க முடியும். வகுப்பு வைத்தால், அந்த வீடுகளின் அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விளையாட ஆள் இல்லாத பாஷையைக் கற்று ஒரு பிள்ளை என்ன செய்யும்? கோயிலில் இடப்பக்கம் முதல் இரண்டு பெஞ்சுகளை அவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். அங்கேயிருந்து பார்த்தால் பீடமும் பிரசங்கியாரின் முகமும் நல்ல வெளிச்சத்தில் தெரியும். கலியாணப் பூசை நாட்களில் மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பெஞ்சுகளைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.